குவளையும் இருக்கையும்

அரபு மொழியில் 'கஹ்வா' என்பது காப்பியைக் குறிக்கும். கெய்ரோ நகரத் தெருக்களில் அதே சொல் காப்பி விற்கும் கடையையும் குறிக்கும். துருக்கியரின் 'கஹ்வே'யும் பிரெஞ்சுக்காரரின் 'கஃபே'யும் இவ்வாறே பானத்துக்கும் இடத்துக்கும் பொதுவாய் நிற்கின்றன. உள்ளிருக்கும் பொருளின் பெயர் அதைக் கொண்டிருக்கும் இடத்துக்கு ஆகிவருவதைத் தானியாகுபெயர் என்பர் நம் இலக்கணத்தார். தமிழில் காப்பிக்கு இந்த ஆகுபெயர் வாய்க்கவில்லை. காப்பி என்றால் நமக்குக் குவளையில் உள்ளது மட்டுமே; இடத்தைச் சுட்டக் 'கிளப்பு', 'ஓட்டல்', 'கடை' என்று வேறொரு சொல்லை ஒட்டவேண்டியிருந்தது. கொட்டையின் வடிவை நோக்கித் தனித்தமிழ் அன்பர்கள் ஆக்கிய 'குளம்பி'யும் பானத்தோடு நின்றுவிட்டது. இது மொழியின் தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் குவளை வேறு, இருக்கை வேறு என்னும் இப்பிரிவைக் கையில் பிடித்துக்கொண்டு காப்பியின் வரலாற்றைப் படித்தால் பல செய்திகள் தெளிவாகின்றன. அப்பானத்தைப் பல நாட்டு மக்களும் விரைவில் விரும்பி ஏற்றனர். அதைப் பருகுவதற்காக யார் அருகில் யார் உட்காரலாம் என்பதில்தான் வழக்குத் தீரவில்லை.

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. ஆடுகள் அதன் பழத்தைத் தின்று துள்ளியதைக் கண்டு இடையன் ஒருவன் அதன் ஆற்றலை அறிந்தான் என்ற கதை 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அச்சேறிய கதை, வரலாறு அன்று. வரலாற்றின் வெளிச்சத்துக்குள் காப்பி வருவது 15ஆம் நூற்றாண்டில், செங்கடலுக்கு அப்பால், ஏமன் நாட்டில். அங்கிருந்த சூஃபி அடியார்கள் இரவெல்லாம் கண்விழித்து இறைவன் பெயரை ஓதுவதற்குத் துணையாக அதைப் பருகினர். பெரிய கலத்திலிருந்து தலைவர் சிறு அகப்பையால் முகந்து கொடுக்க, வரிசையாக அமர்ந்தவர்கள் வாங்கிப் பருகுவது வழக்கம். அவர்களுட் பலர் பகலில் கடைகளிலும் பட்டறைகளிலும் தொழில் செய்தவர்கள். ஆதலின் மடத்தில் பழகிய பானம் சந்தைக்கு வர அதிக நாள் ஆகவில்லை.

சந்தைக்கு வந்ததும் வழக்கும் வந்தது. 1511ஆம் ஆண்டில் மக்கா நகரின் அதிகாரியாயிருந்த கைர் பேக் என்பவர், இரவில் பள்ளிவாசலை அடுத்து ஒரு கூட்டம் விளக்கொளியில் அமர்ந்து எதையோ பருகிக்கொண்டிருப்பதைக் கண்டார். சட்ட அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டி வழக்காடினார். காப்பி தடைசெய்யப்பட்டது, மூட்டைகள் தெருவில் எரிக்கப்பட்டன. செய்தி கெய்ரோவிலிருந்த சுல்தானுக்குச் சென்றது. அங்கிருந்து வந்த ஆணைதான் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. காப்பியின் பெயரால் கூட்டம் கூடுவதை அது கண்டித்தது. காப்பியை விலக்கப்பட்ட பொருள் என்று தீர்ப்பளிக்க மறுத்தது. அடுத்த ஆண்டே கைர் பேக் பதவி மாற்றம் பெற்றார். பின்வந்த பல ஆட்சியாளர்கள் செய்ய முயன்றதை அந்த ஒற்றை ஆணை முன்னரே சொல்லிவிட்டது: பருகுங்கள், கூடாதீர்கள்.

இஸ்தான்புல் நகரில் காப்பிக் கடை தோன்றிய வரலாற்றை எழுதியவர் பெச்செவி என்னும் துருக்கிய வரலாற்றாசிரியர். அலெப்போவிலிருந்து ஹகம் என்பவரும் டமாஸ்கஸிலிருந்து ஷம்ஸ் என்பவரும் வந்து, 16ஆம் நூற்றாண்டின் நடுவில், தஹ்தகலே பகுதியில் கடை திறந்ததாக அவர் குறிக்கிறார். படித்தவர்கள் அங்கே கூடினார்கள். சிலர் நூல் வாசித்தனர். சிலர் சதுரங்கம் ஆடினர். சிலர் தாம் இயற்றிய செய்யுளை அரங்கேற்றினர். பதவியிழந்த அதிகாரிகளும் பதவிக்குக் காத்திருப்போரும் அங்கேதான் பொழுது போக்கினர். அதுவரை அந்நகரத்து ஆண்மகன் வீடு, தொழிலிடம், பள்ளிவாசல் ஆகிய மூன்றுக்குள் நடமாடியவன். மதுக்கடை இருந்தது என்றாலும், மதிப்புடையோர் பலர் காண அதனுள் நுழைய இயலாது. கண்ணியம் குறையாமல் அந்நியரோடு உட்காரத்தக்க ஓர் இடத்தைக் காப்பிக் கடை தந்தது. மற்றொன்றையும் தந்தது. விருந்தினரை வீட்டுக்கு அழைத்து உபசரிக்க வசதியில்லாத ஏழையும், இரண்டு குவளைக் காப்பிக்குக் காசு கொடுத்துத் தானும் ஒருவரை உபசரிக்கலாயிற்று.

1633ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில் பெருந்தீ ஒன்று மூண்டது. அதன்பின் சுல்தான் நான்காம் முராது, தீயைக் காரணமாகக் காட்டிக் காப்பிக் கடைகளை இடித்துத் தள்ள ஆணையிட்டான், புகையிலையையும் தடுத்தான். மாறுவேடத்தில் நகரைச் சுற்றிக் குற்றவாளிகளைத் தானே தண்டித்தான் என்று கதைகள் வழங்குகின்றன. கதையை விட்டாலும் அச்சம் உண்மை. அதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்னர்தான் அவனுடைய தமையன் படைவீரர் கலகத்தில் கொல்லப்பட்டிருந்தான். அத்தகைய அரசனுக்குப் பலர் அமர்ந்து பேசும் இடமெல்லாம் கலகத்தின் கருவறையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இத்தடைகளால் துருக்கியர் வீட்டுக் காப்பி நின்றுவிடவில்லை. காலை உணவுக்கு அவர்கள் மொழியில் உள்ள 'கஹ்வால்டி' என்ற சொல்லுக்குக் காப்பிக்கு முன்னர் உண்பது என்பதே பொருள். உணவின் பெயரே காப்பியை வைத்து அமைந்தது எனின் அது வீட்டுக்குள் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை ஊகிக்கலாம். நுண்ணிதின் அரைத்த பொடியை நீண்ட கைப்பிடியுள்ள சிறு செம்பில் இட்டுச் சிறு நெருப்பில் பொங்கவிட்டு இறக்குவது அவர்கள் முறை. பெண் கேட்டு வருவோர்க்கு மணப்பெண்ணே காப்பி கலந்து கொண்டுவந்து கொடுப்பது அவர்கள் வழக்கம். நம்மூரில் பெண் பார்க்கும் படலத்தை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டா. இஸ்தான்புல்லுக்கும் கும்பகோணத்துக்கும் இடையே எத்தனை கடல் இருப்பினும், காப்பித் தட்டை ஏந்தி நடக்கும் பெண்ணின் தயக்கம் ஒன்றுதான். ஆனால் துருக்கிப் பெண்ணுக்கு ஒரு சிறு பழிவாங்கும் வாய்ப்பு உண்டு. மாப்பிள்ளையின் குவளையில் சர்க்கரைக்குப் பதில் உப்பை இடுவாள். அவன் முகம் சுளிக்காமல் பருகவேண்டும்!

அரபு நாட்டு இல்லங்களில் காப்பி விருந்தோம்பலின் இலக்கணமாகவே வளர்ந்தது. ஏலம் மணக்கும் இளம்பொன்னிறக் காப்பியை மூக்குநீண்ட கூசாவிலிருந்து, பிடியற்ற சிறு கிண்ணத்தில், கால்வாசிக்கு மேல் போகாமல் ஊற்றுவார்கள். விருந்தினர் போதுமென்று வாயால் சொல்வதில்லை. கிண்ணத்தை இலேசாக ஆட்டித் தருவார். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பது மரபு.

வீட்டுக் காப்பியின் முழு வடிவத்தைக் காண அதன் தாயகமாகிய எத்தியோப்பியாவுக்கே செல்லவேண்டும். அங்கே அது பெண்ணின் ஆட்சி. தரையில் பசும்புல்லைப் பரப்பிச் சாம்பிராணி புகைய, வீட்டுப் பெண் பச்சைக் கொட்டையைக் கழுவி, எல்லார் கண்முன்னும் வறுப்பாள். வறுபடும்போது எழும் புகையை ஒவ்வொருவர் முகத்தருகேயும் கொண்டுசென்று மணக்கச் செய்வாள். பிறகு இடித்து, 'ஜெபனா' என்னும் கருநிற மட்கலத்தில் காய்ச்சி, உயரத்திலிருந்து சிந்தாமல் சிறு கிண்ணங்களில் ஊற்றுவாள். அதே பொடியில் மும்முறை நீர்விட்டு மூன்று சுற்றுப் பருகுவர். முதற்சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரகா. பரகா என்றால் அருள்வளம். மூன்றாம் சுற்றுக்குமுன் எழுந்துபோவது மரியாதையன்று. அக்கம்பக்கத்தார் கூடி ஊர்ச்செய்தி பேசுவதும் பிணக்குத் தீர்ப்பதும் அந்த நேரத்தில்தான். கடைக்கு ஆண்கள் தேடிப்போன கூட்டுறவை இப்பெண்கள் தம் வீட்டு முற்றத்திலேயே அமைத்துக்கொண்டனர் எனலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. முற்றத்துக்கு வருவோர் அறிந்தவர்; கடைக்கு வருவோர் அறியாதவர்.

அறியாதவர் அருகில் அமர்வதைச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது இலண்டன் மாநகரம். 1652ஆம் ஆண்டில் பாஸ்குவா ரோசி என்னும் பணியாள், துருக்கி நாட்டோடு வாணிபம் செய்துவந்த ஆங்கில வணிகர் ஒருவரின் துணையால், கார்ன்ஹில் பகுதியின் ஒரு சந்தில் அந்நகரின் முதல் காப்பிக் கடையைத் தொடங்கினான். அதன்பின் கடைகள் பெருகின. ஒரு பென்னி கொடுத்து நுழைந்தவன் நீண்ட மேசையில் எந்த இடம் காலியோ அங்கே அமரவேண்டும். பிரபு வந்தார் என்று எழுந்து இடம்விடவேண்டியதில்லை. பென்னிப் பல்கலைக்கழகம் என்று அக்கடைகளுக்குப் பெயர் வழங்கிற்று. கப்பல் முதலாளிகள் எட்வர்டு லாயிடு என்பவரின் கடையில் கூடிப் பேசியதிலிருந்து லாயிட்ஸ் என்னும் புகழ்பெற்ற காப்பீட்டு நிலையம் பிறந்தது. ஜோனதன் கடையில் பங்கு விலை பேசியவர்களே பின்னாளில் பங்குச் சந்தையை அமைத்தனர்.

இந்த மேசையைக் கண்டு இரண்டாம் சார்லசு மன்னனுக்கும் அதே அச்சம் பிறந்தது. 1675 டிசம்பர் 29ஆம் நாள், அடுத்த ஜனவரி 10 முதல் காப்பிக் கடைகள் யாவும் மூடப்படவேண்டும் என்று பிரகடனம் வெளியிட்டான். மன்னனுடைய அரசைப் பற்றிப் பொய்யும் அவதூறும் பரவுகின்றன, தொழில் செய்வோர் நேரத்தை வீணாக்குகின்றனர் என்பன அவன் கூறிய காரணங்கள். எதிர்ப்புக் கிளம்பியது. குறித்த நாள் வருமுன்னரே ஆணை கைவிடப்பட்டது. தந்தையின் தலை கோடரிக்கு இரையானதை மறக்க முடியாத மன்னனே பின்வாங்கினான் என்றால், இருபத்துமூன்று ஆண்டுகளில் அந்த மேசை எவ்வளவு வலிமை பெற்றுவிட்டது!

ஆனால் இச்சமத்துவத்துக்கு ஒரு வேலி இருந்தது. கடை நடத்திய பெண்கள் இருந்தனர். பரிமாறிய பெண்கள் இருந்தனர். மேசையில் அமர்ந்து வாதாடிய பெண்கள் இல்லை என்றே சொல்லிவிடலாம். 1674இல் பெண்களின் விண்ணப்பம் என்ற பெயரில், காப்பி தம் கணவரை ஆண்மையற்றவராகவும் வாயாடிகளாகவும் ஆக்கிவிட்டது என்று பழித்து ஒரு துண்டு நூல் வெளிவந்தது. அதை எழுதியவர் பெண்தாமோ என்று ஆராய்ச்சியாளர் ஐயுறுவர். ஆயினும் அவ்வெள்ளலுக்கு அடியில் ஓர் உண்மை கிடந்தது. கணவன் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் இடத்துக்குள் மனைவி காலடி வைக்க இயலாது.

செருமானிய நாட்டுப் பெண்கள் இதற்குக் கண்ட வழி சுவையானது. கடைக்குள் இடமில்லாதவர்கள் வீட்டிலேயே முறைவைத்துக் கூடினர். காப்பி வட்டம் என்னும் பொருளில் 'காஃபேகிரென்ஸ்ஹென்' என்று அக்கூட்டங்களுக்குப் பெயர். ஆண்கள் அதை வம்பர் மகாநாடு என்று நகைத்தனர். கடையில் தாம் பேசியது மட்டும் அரசியல் என்பது அவர்கள் துணிபு போலும். லைப்சிக் நகரில் வாழ்ந்த இசைமேதை பாக், 1734ஐ ஒட்டிக் காப்பியைப் பொருளாகக் கொண்ட இசைநாடகம் ஒன்றை அமைத்தார். மகள் காப்பியை விடவேண்டும் என்று தந்தை மிரட்டுகிறான். உடை இல்லை, உலா இல்லை என்றெல்லாம் சொல்லியும் அவள் பணியவில்லை. கணவனே கிடைக்கமாட்டான் என்றதும் பணிகிறாள். ஆனால் காப்பிக்கு உடன்படுபவனையே மணப்பேன் என்று மறைவாகச் செய்தி பரப்பிவிடுகிறாள். பாக்கின் இசைக்குழுவினர் அந்நகரில் கச்சேரி நடத்திவந்த இடம் ஒரு காப்பிக் கடை என்பதையும் சேர்த்து நினைத்தால் நகைச்சுவை முழுமை பெறும்.

வீட்டுக் காப்பியை அரசு தொடாது என்ற விதிக்கு விலக்கும் செருமானியத்திலேயே உண்டு. பிரஷ்ய மன்னன் மகா பிரெடரிக், காப்பி வாங்குவதற்காகச் செல்வம் அயல்நாடு போகிறதென்று வருந்தி, 1781இல் காப்பி வறுக்கும் உரிமையை அரசுடைமை ஆக்கினான். ஊனமுற்ற பழைய போர்வீரர்களை அமர்த்தித் தெருத்தெருவாக மோப்பம் பிடிக்கச் செய்தான். எந்த வீட்டு அடுக்களையிலிருந்து வறுத்த மணம் வருகிறதோ அந்த வீட்டில் சோதனை! காப்பி மோப்பக்காரர் என்று மக்கள் அவர்களை வெறுத்தனர். கடையை மூடிய அரசர் பலர். அடுக்களைக்குள் மூக்கை நீட்டியவன் இவன்.

வியன்னாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1683இல் துருக்கியர் முற்றுகையைக் கைவிட்டு ஓடியபோது விட்டுச்சென்ற மூட்டைகளைக் கொண்டு அங்கே காப்பிக் கடை பிறந்தது என்பது இனிய கதை. ஆவணங்களின்படி 1685இல் உரிமம் பெற்ற ஜொகான்னஸ் டியொடாட்டோ என்னும் ஆர்மீனியரே முன்னோடி. அங்கே ஒரு குவளைக் காப்பிக்கு அருகில் ஒரு தம்ளர் தண்ணீரும், படிக்க நாளிதழும், கேட்பாரற்ற நேரமும் கிடைக்கும். எழுத்தாளர் சிலருக்குக் கடிதங்கள்கூடக் கடை முகவரிக்கே வரும்.

இத்தாலியர் இதற்கு நேர்மாறு. 1901இல் மிலான் நகரத்து லூயிஜி பெட்செரா பதிவுசெய்த நீராவிப் பொறியும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவிய காஜியாவின் நெம்புகோல் பொறியும், காப்பி வடியும் நேரத்தைச் சில நொடிகளாகக் குறுக்கின. இத்தாலியன் நின்றவாறே இரண்டு மூன்று மிடறில் பருகிவிட்டுப் போய்விடுவான். உட்கார்ந்து பருகினால் விலை கூடுதல்! இருக்கைக்கு விலை உண்டு என்பதை இத்தாலியர் போல் வெளிப்படையாக எழுதி ஒட்டியவர்கள் குறைவு. வீட்டுக்கோ 1933இல் பியலெத்தி ஆக்கிய எண்கோண அலுமினியக் கூசா வந்துசேர்ந்தது. கடைப் பொறியின் ஆற்றலில் ஒரு பங்கை அது அடுப்படிக்குக் கொண்டுவந்தது.

இத்தனைக் குவளைகளும் நிரம்பவேண்டுமாயின் எங்கோ செடி காய்க்கவேண்டும், எவரோ பறிக்கவேண்டும். இலண்டன் மேசையில் சமத்துவம் பேசியவர்களும் பாரிஸ் கஃபேயில் விடுதலை பேசியவர்களும் பருகிய காப்பியைச் சாவகத்தில் ஒல்லாந்தர் ஆட்சியின் கட்டாயச் சாகுபடியிலும், கரீபியன் தீவுகளிலும் பிரேசிலிலும் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பிலும் விளைவித்தனர். இவ்வரலாற்றில் தமிழருக்கும் பங்குண்டு. 1820கள் தொடங்கி இலங்கையின் கண்டி மலைநாட்டில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டம் அமைத்தனர். அத்தோட்டங்களுக்குத் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே சென்றனர். பசியும் வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைத் தின்றன. அறுவடை முடிந்ததும் எஞ்சியோர் அதே வழியில் திரும்பி நடந்தனர். 1869இல் இலைத்துரு என்னும் பூஞ்சை நோய் அங்கே கண்டறியப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளில் இலங்கைக் காப்பி அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. தமிழ்நாட்டு வீடுகளில் காப்பி பொதுவழக்காவதற்கு முன்பே தமிழர் கைகள் காப்பி பறித்துப் பழகிவிட்டன. பருகிப் பழகியவர் வேறு.

தமிழ்நாட்டில் செடி அயலானதன்று. சேர்வராயன் மலையில் 1820களிலேயே சேலம் ஆட்சியர் காக்பர்ன் அதைப் பயிரிடச் செய்தார். ஆனால் வீடுகளில் அது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே பரவிற்று. அதுவரை விடியலில் வயிற்றுக்குச் சென்றது நீராகாரம். அதை வெளியேற்றிய காப்பியைக் கண்டு பழைமையாளர் புலம்பினர். உடல் கெடும், பணம் கரையும், பெண்கள் சோம்புவர் என்பன அவர்கள் குற்றச்சாட்டுகள். சோம்பியவர் யாரென்பதைக் காப்பி கலந்தவரைக் கேட்டால் தெரிந்திருக்கும். விடியுமுன் எழுந்து கொட்டையை வறுத்து, கையரைவையில் அரைத்து, பித்தளை வடிகலத்தில் பொடியை அமுக்கிக் கொதிநீர் ஊற்றிக் காத்திருந்தவர் அவர்தாம். முதல் டிகாக்‌ஷன் மாமனாருக்கும் கணவருக்கும் விருந்தினருக்கும். இரண்டாம் டிகாக்‌ஷன் கடைசியில் அடுக்களையில் நின்றவாறே அவர்க்கு. இதை யாரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை. எழுதாத சட்டம் மீறப்பட்டதும் அரிது.

டபரா-தம்ளர் பற்றி ஒரு சொல். வாய் விரிந்த விளிம்பும் ஆற்றுவதற்கேற்ற டபராவும் காப்பியின் சூட்டைத் தணிக்க மட்டும் உதவவில்லை. உதடு படாமல் அண்ணாந்து பருகவும் உதவின. எச்சில் என்னும் எண்ணம் அந்தக் கலத்தின் வடிவத்தோடு பொருந்தி நின்றது. அதே எண்ணம் வீட்டு வாசலைத் தாண்டிக் கடைக்கும் வந்தது.

இலண்டன் கடையில் யாரருகேயும் யாரும் அமரலாம் என்பது நெறி. சென்னையிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் எழுந்த காப்பிக் கிளப்புகள் பலவற்றில் யாரருகே யார் அமரக்கூடாது என்பதே நெறி. 'பிராமணாள்' என்ற சொல் பலகையில் ஏறிற்று. சமைப்பவர் சாதியை மட்டும் அது குறிப்பதாகச் சிலர் வாதாடினர். பல இடங்களில் உள்ளே தனித்தனி இருக்கைகள் இருந்தன. தாழ்த்தப்பட்டோர்க்கு வாசற்படியே எல்லை. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலையிலும் பிராமணருக்குத் தனியிடம் இருந்தது. சுயமரியாதை இயக்கத்தாரின் தொடர்ந்த கிளர்ச்சிக்குப் பின் 1941இல் அது ஒழிந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபேயின் பெயர்ப்பலகையிலிருந்து அச்சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நீடித்தது. நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். முடிவில் சொல் நீங்கியது. ஒரு சொல்லுக்கு இத்தனைப் பாடா என்று அந்நாளில் கேட்டவர் உண்டு. அச்சொல்லால் வெளியே நிறுத்தப்படாதவர் கேட்ட கேள்வி அது.

1940களில் புதுமைப்பித்தன் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எழுதியபோது, பூமிக்கு வந்த கடவுளை முதலில் காப்பி ஓட்டலுக்கே அழைத்துப் போகச் செய்தார். சிக்கரி கலந்த காப்பியையும் கடவுள் சுவைத்தார். நகரத்தில் இரு அந்நியர் அறிமுகமாக அதைவிடப் பொருத்தமான இடம் அந்நாளில் வேறில்லை. கடவுளிடம் அந்த ஓட்டலில் யாரும் சாதி கேட்கவில்லை என்பது அவர் பெற்ற பேறு.

ஊர்ப்புறத்தில் காப்பியைவிடத் தேநீரே உழைப்பவர் பானமாயிற்று. அங்கே வழக்கு இன்னும் கொடிது. இரட்டைக் குவளை முறை என்று நாம் அறிந்தது அதுவே. மற்றவர்க்குப் பெஞ்சும் கண்ணாடிக் குவளையும். தாழ்த்தப்பட்டவர்க்குத் தரையும், வேறு ஆணியில் தொங்கும் சிரட்டையோ தகரக் குவளையோ. பருகியபின் அதைக் கழுவிவைக்கவேண்டியவரும் பருகியவரே. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டம், 15ஆம் பிரிவில், கடைகளுக்கும் பொது உணவு விடுதிகளுக்கும் செல்ல யாரையும் சாதியின் பெயரால் தடுக்கலாகாது என்று பெயர் குறித்தே சொல்கிறது. உயர்ந்த உரிமைகளுக்கிடையே உணவு விடுதியை எழுதிவைத்தவர்கள் காரணமின்றி எழுதவில்லை. 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது. அதன் பின்னரும் தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில் இரண்டு வகைக் குவளைகள் காணப்பட்டன. பின்னாளில் சில கடைகள் தாழ்த்தப்பட்டோர்க்கு மட்டும் எறிந்துவிடும் நெகிழிக் கிண்ணத்தைக் கொடுத்துத் தூய்மை என்று பெயரிட்டன. குவளை மாறியது, இருக்கை மாறவில்லை.

இவ்வழக்கு நம்முடையது மட்டும் என்று எண்ணற்க. 1960 பிப்ரவரி முதல் நாள், அமெரிக்காவின் வடகரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோ நகரில், கறுப்பின மாணவர் நால்வர் ஒரு பெருங்கடையின் சிற்றுண்டி மேடை முன் அமர்ந்து காப்பி கேட்டனர். அதே கடையில் அவர்கள் பற்பசை வாங்கலாம், குறிப்பேடு வாங்கலாம், உட்கார்ந்து காப்பி பருகலாகாது. மறுக்கப்பட்டபோது அவர்கள் எழவில்லை. கடை மூடும்வரை அமர்ந்திருந்தனர். மறுநாள் மேலும் பலர் வந்து அமர்ந்தனர். இரண்டு மாதங்களுக்குள் தென்மாநில நகரங்கள் பலவற்றில் அது பரவியது. அவ்வாண்டு ஜூலையில் அந்தக் கடை வழிக்கு வந்தது. இருக்கையில் இருந்து எழாமையே போராட்டம் ஆயிற்று.

இந்திய மண்ணில் அந்நியர் அருகமர்ந்து பேசத்தக்க காப்பிக் கடைக்கு நல்ல எடுத்துக்காட்டு இந்தியா காபி ஹவுஸ். காப்பியின் விற்பனையைப் பெருக்குவதற்காகக் காப்பி வரிக் குழு 1936இல் பம்பாயில் முதல் நிலையத்தைத் திறந்தது. 1950களில் காப்பி வாரியம் அவற்றை மூடிப் பணியாளரை நீக்க முற்பட்டபோது, ஏ. கே. கோபாலன் வழிகாட்ட, பரிமாறியவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து 1957 முதல் தாமே நடத்தலாயினர். விசிறித் தலைப்பாகையும் வெள்ளுடையும் அணிந்து காப்பி கொண்டுவருபவரே அக்கடையின் உரிமையாளரும் ஆவர். உலகக் காப்பி வரலாற்றில் இது அரிய நிகழ்ச்சி என்பது என் துணிபு. கல்கத்தாவின் கல்லூரித் தெருக் கடையில் வங்க இலக்கியத்தின் ஒரு பகுதியே பேசி முடிவாயிற்று. கூட்டம் முடிந்தபின் நடப்பதே உண்மையான கூட்டம் என்பதை அறிந்த நம் வட்டத்தாருக்கு அக்கடையின் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தில்லியில் கனாட் பிளேஸ் பகுதியில் இருந்த காபி ஹவுஸ், அவசரநிலைக் காலத்தில், 1976இல் இடித்து அகற்றப்பட்டது. அங்கே எதிர்க்கட்சியினரும் இதழாளரும் அமர்ந்து பேசிவந்தனர். வீட்டில் காப்பி பருகுவதை இங்கு யாரும் தடுக்கவில்லை.

1996இல் பெங்களூரில் தொடங்கிய கஃபே காபி டேயும், 2012இல் மும்பையில் கால்பதித்த ஸ்டார்பக்சும் வேறொரு வகையைச் சேர்ந்தவை. குளிரூட்டிய அறையும் மெத்தை இருக்கையும் கொண்ட இக்கடைகளில் பெண்கள் தனித்தும் குழுவாகவும் தயக்கமின்றி அமர்கின்றனர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டன் மறுத்ததை இவை தந்துள்ளன. சாதியும் இங்கே கேட்கப்படுவதில்லை. விலைப்பட்டியலே வாசற்காவலாக நிற்கிறது. 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஸ்டார்பக்ஸ் ஒன்றில், நண்பர் வருகைக்காக எதுவும் வாங்காமல் காத்து அமர்ந்திருந்த கறுப்பின இளைஞர் இருவரைக் காவலர் விலங்கிட்டு அழைத்துச் சென்றனர். கண்டனம் எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எதுவும் வாங்காதவரும் வந்து அமரலாம் என்று அவ்வாண்டே விதி செய்தது. ஆறாண்டுகளுக்கு மேல் அவ்விதி நின்றது. 2025 ஜனவரியில் வட அமெரிக்கக் கடைகளுக்கு அது திரும்பப் பெறப்பட்டது. அங்கே இனி அமர விரும்புவோர் முதலில் ஏதேனும் வாங்கவேண்டும்.